கொடிவழி மயக்கும், உயில் பேசும்: இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய குடும்பத்தின் பூர்விகத்தைத் தேடும் வழி

1620-க்கும் 1640-க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் சுமார் 20,000 ஆங்கிலேயர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து நியூ இங்கிலாந்தில், அதாவது இன்றைய அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், குடியேறினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அந்தக் குடும்பங்களில் சம்பந்தமும் செய்திருக்கிறார்கள். "மாப்பிள்ளை வீட்டார் மேஃப்ளவர் கப்பல் காலத்திலேயே வந்தவர்களாம்" என்று பெருமைப்படும் பெற்றோரிடம், "அதற்கு முன்னால் எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது. மாப்பிள்ளை வீட்டாரிடமே கேட்டாலும் பெரும்பாலும் இருக்காது. அந்தக் கேள்விக்கு விடை தேடப் புதிதாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கப்பல் பட்டியலில் எல்லாம் இருக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எஞ்சியிருக்கும் பட்டியல்கள் மிகச் சில. அவற்றிலும் பெயரும் வயதும் இருக்கும், ஊர் இருப்பது அபூர்வம். அடுத்து மாதாகோயில் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு மாதாகோயிலுக்கு உட்பட்ட ஒவ்வொரு வட்டாரமும், எழுதிவைக்க வேண்டும் என்று 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். பல பங்குகளில் தொடக்க கால ஏடுகள் அழிந்துவிட்டன. இருக்கும் இடங்களிலும் "ஜான், தாமஸின் மகன்" என்று ஒரு வரிதான் கிடைக்கும். அந்த ஜான்தான் அமெரிக்கா போன ஜான் என்று அந்த வரி சொல்லாது.

உயில் சொல்லும். "நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கு ஐந்து பவுன் பணம்" என்று ஓர் அத்தையோ பெரியப்பாவோ எழுதிவைத்த ஒரே வாக்கியம், இரண்டு கண்டங்களையும் சேர்த்துக் கட்டிவிடும். சொத்து கைமாறும் ஆவணம் என்பதால் உறவைத் தப்பாகச் சொல்ல அங்கே காரணமும் குறைவு. இந்த வேலையில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான்: கப்பலேறியவரை இங்கிலாந்தில் தேடாதீர்கள். ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய உறவினர்களைத் தேடுங்கள்.

அமெரிக்கக் கரையில் தொடங்குங்கள்

இங்கிலாந்து ஏடுகளைத் திறப்பதற்கு முன், குடியேறியவரைப் பற்றி அமெரிக்காவில் கிடைப்பதை எல்லாம் திரட்டிவிட வேண்டும். மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயர்கள் பிறந்த வரிசையில், தொழில், நிலப் பத்திரங்கள், அவருடைய சொந்த உயில், அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், பக்கத்து மனைக்காரர்கள். கடைசி இரண்டையும் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். உண்மையில் அவைதான் ஊரைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் காலத்தில் ஜனங்கள் தனித்தனியாகப் போகவில்லை. ஒரு போதகரின் பின்னால் ஊரில் பாதியே கிளம்பியது. நார்ஃபோக் மாவட்டத்து ஹிங்கம் ஊர்க்காரர்கள் போதகர் பீட்டர் ஹோபார்ட்டோடு போய்ச் சேர்ந்த இடத்துக்கும் ஹிங்கம் என்றே பெயர் நிலைத்தது. பக்கத்து மனைக்காரர் நால்வரின் பூர்விகம் தெரிந்துவிட்டால், ஐந்தாவது ஆளை அதே வட்டாரத்தில் தேடலாம்.

ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மாசசூசெட்ஸில் டெடம், சட்பரி, பிரெயின்ட்ரீ எல்லாம் இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்து போன பெயர்கள்தான். ஆனால் அங்கே குடியிருந்த ஒவ்வொருவரும் அந்த மாவட்டத்தார் இல்லை.

பாஸ்டனில் 1845 முதல் இயங்கிவரும் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம், 1620 முதல் 1635 வரை வந்தவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து குறிப்புகளும், 1640 வரை வந்தவர்களுக்குச் சுருக்கமான பட்டியலும் வெளியிட்டிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். பூர்விகம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் பாதி உழைப்பு மிச்சம். தப்பான பூர்விகம் ஏதாவது புழங்கிக்கொண்டிருந்தால் அதுவும் அங்கே தெரிந்துவிடும்.

உயில் எந்த நீதிமன்றத்தில் இருக்கும்?

1858 ஜனவரி 12-ஆம் தேதிக்கு முன் இங்கிலாந்தில் உயிலை மெய்ப்பிக்கும் அதிகாரம், அதாவது நாம் புரொபேட் என்று சொல்வது, திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. அவை கீழிருந்து மேலாக அடுக்கடுக்காக அமைந்தவை. சொத்து முழுவதும் ஒரே ஆர்ச்டீக்கனின், அதாவது பேராயருக்குக் கீழே உள்ள திருச்சபை அதிகாரியின், வட்டத்துக்குள் இருந்தால் அவருடைய நீதிமன்றம். அதைத் தாண்டினால் பேராயர் நீதிமன்றம். இரண்டு மறைமாவட்டங்களில் ஐந்து பவுனுக்கு மேல் சொத்து இருந்தால் தலைமைப் பேராயரின் நீதிமன்றம். தெற்கிலும் வேல்ஸிலும் அது கான்டர்பரி, வடக்கில் யார்க். கடல் கடந்து இறந்தவர்களின் இங்கிலாந்துச் சொத்துக்கான உயில்களும் கான்டர்பரிக்கே போயின. இவை போதாதென்று, எந்தப் பேராயருக்கும் கட்டுப்படாத தனி அதிகாரப் பங்குகள் அங்கங்கே தீவுகளாக இருந்தன. தேடும் ஊர் அப்படிப்பட்ட பங்கா என்று ஃபேமிலிசர்ச் தளத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். தளம் இலவசம்.

இது ஏட்டில் இருந்த விதி. நடைமுறையில், வசதியுள்ளவர்கள் சிறிய சொத்துக்கும் லண்டனில் கான்டர்பரி நீதிமன்றத்தையே நாடினார்கள். அந்தஸ்து ஒரு காரணம், பதிவு பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை இன்னொன்று. உள்நாட்டுப் போருக்குப் பின் மன்னரில்லாத குடியரசுக் காலத்தில், 1653 முதல் 1660 வரை, திருச்சபை நீதிமன்றங்களே செயல்படவில்லை. நாட்டின் எல்லா உயில்களும் லண்டனில் ஒரே இடத்தில் பதிவாயின. உங்கள் குடும்பத்தில் அந்த ஏழு ஆண்டுகளில் யாராவது இறந்திருந்தால் அது அதிர்ஷ்டம். எந்த மூலைக் கிராமமாக இருந்தாலும் ஒரே பட்டியலில் தேடினால் போதும்.

கான்டர்பரி உயில்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், புரோப் 11 என்ற தொகுப்பில் 1384 முதல் 1858 வரை இருக்கின்றன. பத்து லட்சத்துக்கு மேல். பெயர், ஊர், தொழில், ஆண்டு கொடுத்து இணையத்தில் தேடலாம், படங்களையும் இறக்கிக்கொள்ளலாம். யார்க் உயில்கள் அங்குள்ள போர்த்விக் நிறுவனத்தில் இருக்கின்றன. கீழ்நிலை நீதிமன்றங்களின் உயில்கள் அந்தந்த மாவட்ட ஆவணக்காப்பகங்களில் கிடைக்கும். புலம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகளும் நெசவாளர்களும் தச்சர்களும்தான். அவர்களின் பெற்றோர் உயில் லண்டன் வரை போயிருக்காது. கியூவில் கிடைக்கவில்லை என்றதும் உயிலே இல்லை என்று முடிவுகட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இன்னொன்று. கியூவின் தேடுபொறி உயில் எழுதியவரின் பெயரையும் ஊரையும்தான் தேடும். உயிலுக்குள் யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தேடாது. நியூ இங்கிலாந்து என்று தேடினால் அங்கே வாழ்ந்து இறந்தவரின் உயில் வரும். அங்கே இருக்கும் தம்பிக்குப் பணம் வைத்த சஃபோக் அக்காவின் உயில் வராது. அதற்கு, உயில்களை வரிவரியாகப் படித்துச் சுருக்கம் எழுதிவைத்தவர்களை நாட வேண்டும். அவர்களில் முக்கியமானவர் சேலம் நகரத்து ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ். நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். பாஸ்டன் சங்கம் 1883-இல் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அப்போது உயில் ஏடுகள் சாமர்செட் ஹவுஸ் கட்டடத்தில் இருந்தன. அங்கே உட்கார்ந்து, அமெரிக்கத் தொடர்பு தெரியும் உயில்களை எல்லாம் சுருக்கி எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தப் பணியைப் பின்னாளில் தொடர்ந்தவர்களில் ஒருவரான லோத்ராப் விதிங்டன் 1915-இல் லூசிடேனியா கப்பலோடு மூழ்கினார். இவர்களின் சுருக்கங்கள் அச்சாகி, இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர்ச் சுட்டி உள்ளவை. கியூவில் தேடுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

யாருடைய உயில்? ஹார்வர்டு காட்டும் பாடம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெயருக்குரிய ஜான் ஹார்வர்டு 1637-இல் கப்பலேறி, 1638 செப்டம்பரில் மாசசூசெட்ஸின் சார்ல்ஸ்டவுனில் காசநோயால் முப்பது வயதில் இறந்தார். சொத்தில் பாதியையும் தன் புத்தகங்களையும் புதிய கல்லூரிக்கு விட்டுப்போனார். பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. எந்த ஊர்க்காரர், யார் மகன் என்பது மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. ஹார்வர்டு என்ற பெயரில் தேடியவர்களுக்குப் பிடி கிடைக்கவில்லை.

வாட்டர்ஸ் 1885-இல் வெளியிட்ட சான்றுகளில் முக்கியமானது கேத்தரின் இயர்வுட் என்ற விதவையின் உயில். 1635-இல் எழுதியது. லண்டன் பாலத்துக்குத் தெற்கே, சதர்க் பகுதியில் இருந்த குவீன்ஸ் ஹெட் என்ற சத்திரத்தை அதில் தன் மூத்த மகன் ஜான் ஹார்வர்டுக்கு விட்டிருந்தார். மகனைக் கிளார்க் என்று குறித்திருந்தார். அந்தக் காலத்து உயிலில் அந்தச் சொல் குமாஸ்தாவைக் குறிக்காது, போதகரைக் குறிக்கும். தாயின் பெயர் ஏன் இயர்வுட்? பிறந்தது ஸ்ட்ராட்ஃபர்ட் ஊரின் ரோஜர்ஸ் குடும்பத்தில். 1605-இல் சதர்க் இறைச்சி வியாபாரி ராபர்ட் ஹார்வர்டை மணந்தார். 1625-இல் கொள்ளைநோய் ராபர்ட்டையும் பிள்ளைகள் நால்வரையும் சில வாரங்களில் கொண்டுபோனது. அடுத்து ஜான் எலெட்சன் என்பவரை மணந்தார், அவரும் 1626-இல் இறந்தார். 1627-இல் மூன்றாவதாக மணந்தவர் மளிகை வியாபாரி ரிச்சர்டு இயர்வுட். ஒரே பெண்மணிக்கு நான்கு குடும்பப் பெயர்கள். உயில் கடைசிப் பெயரில்தான் இருக்கும்.

அடுத்த கண்ணி தம்பி தாமஸ் ஹார்வர்டின் உயில். அதை நிறைவேற்ற வேண்டிய இருவரில் அண்ணன் ஜானும் ஒருவர். 1637 மே மாதம் அது நீதிமன்றத்துக்கு வந்தபோது மற்றவர் மட்டுமே ஆஜரானார். ஜான் வரும்போது அதிகாரம் பெற்றுக்கொள்ளலாம் என்று அவர் பங்கு ஒதுக்கிவைக்கப்பட்டது. அவர் கப்பலேறிய அதே ஆண்டு. நீதிமன்றக் குமாஸ்தா வழக்கமான வாசகத்தில் எழுதிவைத்த இந்தச் சிறு குறிப்பு, சதர்க் ஜானையும் சார்ல்ஸ்டவுன் ஜானையும் நெருக்கமாகப் பிணைக்கிறது. புரொபேட் குறிப்பைப் படிக்காமல் உயிலை மூடிவைப்பவர்கள் இப்படிப்பட்டதை எல்லாம் இழந்துவிடுவார்கள்.

ஆக, யார் யாருடைய உயிலைத் தேட வேண்டும்? தகப்பனாருடையது முதலில். அதில் ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். மூத்த மகனுக்கு நிலம் வழக்கப்படியே சேர்ந்துவிடும் என்பதால் உயிலில் அவன் பெயரே இல்லாமல் போகலாம். கப்பலேறும்போதே பங்கு வாங்கிக்கொண்ட மகனுக்கு ஒரு ஷில்லிங் மட்டும் எழுதியிருக்கலாம். அது கோபத்தைக் காட்டுவதாகக் கொள்ள வேண்டியதில்லை, கணக்குத் தீர்ந்தது என்பதற்கான அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். தகப்பனாருக்கு அடுத்து, தாயின் உயில், அவருடைய எல்லா மறுமணப் பெயர்களிலும். பிறகு மாற்றுத் தகப்பன்மார், மாமனார், தாய்வழித் தாத்தா. எல்லோரையும்விடப் பலன் தருபவர்கள் கல்யாணமாகாத பெரியப்பாக்களும் பிள்ளையில்லாத விதவை அத்தைகளும். தங்களுக்கென்று வாரிசு இல்லாததால் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை, அவர்களின் பிள்ளை என்று ஒருவர் விடாமல் எழுதுவார்கள். கணவன் உயிரோடிருக்கும் பெண் அவன் சம்மதமின்றி உயில் எழுத முடியாது. எனவே பெண்களின் உயில்களில் பெரும்பாலானவை விதவைகளுடையதும் கன்னிகளுடையதும்தான். எண்ணிக்கையில் குறைவு, தகவலில் வளம்.

எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஜானின் ஞானஸ்நானப் பதிவு, 1607 நவம்பர் 29, சதர்க்கின் புனித மீட்பர் ஆலயத்து ஏட்டில், ஹார்வி என்ற பெயரில்தான் இருக்கிறது. காதில் விழுந்ததைக் குமாஸ்தா எழுதினார், அவ்வளவுதான். ஒரே உயிலில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பதைக் காண்பீர்கள்.

கையெழுத்து, பணம், தேதி

படத்தை இறக்கித் திறந்ததும் பலர் மூடிவிடுவது இந்த இடத்தில்தான். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்து செகரட்டரி என்ற பாணியில் இருக்கும். அதில் சி என்ற எழுத்து ஆர் போலத் தெரியும். எச் வரிக்குக் கீழே வாலை நீட்டும். நீண்ட எஸ் அசல் எஃப் மாதிரியே நிற்கும். எஃப் இரண்டு சேர்ந்து வந்தால் அது பெரிய எஃப். பயப்பட வேண்டாம். எல்லா உயிலும் "கடவுளின் பெயரால், ஆமென்" என்று தொடங்கி, தேதி, பெயர், ஊர், தொழில், உடல் நலிவு, புத்தித் தெளிவு, ஆன்மாவைக் கடவுளிடம் ஒப்படைப்பது என்று ஒரே தடத்தில் போகும். அந்த முதல் பத்து வரிகளில் என்ன இருக்கிறது என்பது முன்பே தெரியும் அல்லவா? அதை வைத்து அந்தக் குமாஸ்தாவின் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு பெயர்கள் வரும் பகுதிக்குப் போங்கள். கியூ ஆவணக்காப்பகத்தின் தளத்தில் இதற்கென்றே இலவசப் பயிற்சியும் இருக்கிறது. அடியிலுள்ள புரொபேட் குறிப்பு 1733 வரை, குடியரசுக் காலம் தவிர, லத்தீனில் இருக்கும். வாசகம் மாறாது என்பதால் ஒருமுறை பழகினால் போதும்.

பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன். அடிக்கடி தலைகாட்டும் 13 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது ஒரு மார்க். அதன் பாதி 6 ஷில்லிங் 8 பென்ஸ். தொகைகளை ரோமன் எண்களில் எழுதியிருப்பார்கள்.

தேதியில்தான் பலரின் கணக்கு பிசகும். இங்கிலாந்தில் 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25-ஆம் தேதி பிறந்தது. ஏட்டில் 1655 பிப்ரவரி 8 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1656. இதைக் கவனிக்காமல் எழுதினால், தகப்பன் இறந்த பிறகு எழுதிய உயிலும் கல்யாணத்துக்கு முன் பிறந்த மூத்த மகனும் உங்கள் பட்டியலில் முளைப்பார்கள். ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1655/56 என்று இரட்டை ஆண்டாகவே குறித்துவையுங்கள்.

பழைய சுருக்கங்களில் உயிலின் ஆதாரமாக ஒரு பெயரும் எண்ணும் மட்டும் இருக்கும். கான்டர்பரிப் பதிவேடுகளுக்கு, அவற்றில் முதலில் வந்தவர் அல்லது பிரமுகர் ஒருவரின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. எண், பதினாறு பக்கக் கட்டைக் குறிக்கும். 1635-ஆம் ஆண்டுப் பதிவேட்டின் பெயர் சாட்லர். கேத்தரின் இயர்வுட்டின் உயில் அதில்தான் இருக்கிறது. ஜான் ஹார்வர்டின் மனைவி பெயரோ ஆன் சாட்லர்! இரண்டையும் முடிச்சுப்போட்டுக் கதை கட்டக் கூடாது. அந்த இடத்தில் சாட்லர் என்பது ஏட்டின் முகவரி மட்டுமே.

புரோப் 11-இல் இருப்பது நீதிமன்றக் குமாஸ்தா ஏட்டில் ஏற்றிய நகல். அசல் உயில்கள் புரோப் 10 என்ற தொகுப்பில் இருக்கின்றன. ஊர்ப் பெயரோ தொகையோ உறுத்தினால் அசலைப் பாருங்கள். கையெழுத்தையோ கைநாட்டுக் குறியையோ ஒப்பிடவும் அசல்தான் உதவும்.

உறவுமுறையில் வழுக்காதீர்கள்

சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை என்று துல்லியமாகப் பிரித்துப் பழகிய நமக்கு இந்த உயில்கள் பெரிய சோதனை. கசின் என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம், தங்கை மகளாகவும் இருக்கலாம், தூரத்து ஒன்றுவிட்ட உறவாகவும் இருக்கலாம். பிரதர் என்றால் கூடப் பிறந்தவன், மைத்துனன், சகலை யாராகவும் இருக்கலாம். சன் இன் லா என்பது மருமகனை மட்டுமல்ல, மனைவியின் முந்தைய கணவனுக்குப் பிறந்த மகனையும் குறிக்கும். பெயருக்குப் பின் சீனியர், ஜூனியர் என்று வந்தால் தகப்பன், மகன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் அதே பெயரில் வயது கூடியவர், குறைந்தவர் என்பதற்கு மேல் அதில் உத்தரவாதம் இல்லை. உயிலில் உள்ள சொல்லை அப்படியே எடுத்து எழுதுங்கள். உங்கள் ஊகத்தைத் தனி நெடுவரிசையில் வையுங்கள்.

கொடிவழிகளை எப்படி எடைபோடுவது?

1530 முதல் 1688 வரை அரச அனுமதியோடு ஹெரால்டுகள் என்ற அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், குலச்சின்னம் வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று விசாரித்தார்கள். அப்போது அந்தந்தக் குடும்பத்தார் சொன்ன வம்சாவளியையும் பதிந்தார்கள். அசல்கள் லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் நிறுவனத்தில் இருக்கின்றன. 1869-இல் தொடங்கிய ஹார்லியன் சங்கம் பலவற்றை அச்சிட்டது. அச்சுப் பிரதிகள் பலவும் அசலிலிருந்து வந்தவை அல்ல. பிற்காலத்தில் யார் யாரோ சேர்க்கைகள் செய்த நகல்களிலிருந்து வந்தவை.

அந்தப் பதிவுகளில் சொன்னவரின் தலைமுறை, அவர் தகப்பன், தாத்தா வரை நம்பலாம். அதற்கு மேலே போகப் போகப் பெருமை கலக்கும். கப்பலேறியவர்களில் குலச்சின்னம் வைத்திருந்த குடும்பங்கள் சிறுபான்மை. அதனால்தான் "எங்கள் மூதாதையர் இன்ன கோட்டைக்குச் சொந்தக்காரர்" என்று தொடங்கும் கொடிவழியை நான் சந்தேகத்தோடே திறப்பது. நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்பதுபோல, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் கேட்க வேண்டும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜ் வாஷிங்டனின் கொடிவழியே போதும். அவருடைய கொள்ளுத்தாத்தா ஜான் வாஷிங்டன் 1650-களின் நடுவில் வர்ஜீனியா போனவர். ஜானின் தம்பி லாரன்சும் அங்கே குடியேறினார். ஹெரால்டுகளின் தலைவரான ஐசக் ஹியர்டு 1790-களில் இந்தக் குடும்பத்தை ஆராய்ந்தார். வாஷிங்டனுக்கே கடிதமும் எழுதினார். தான் இந்த விஷயத்தில் அதிகம் அக்கறை காட்டியதில்லை என்று 1792-இல் பதில் எழுதினார் வாஷிங்டன். ஹியர்டு பழைய பதிவுகளில், நார்த்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்துச் சல்கிரேவ் வாஷிங்டன் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று இரு சகோதரர்களைக் கண்டார். இவர்கள்தான் என்று இணைத்துவிட்டார். பெயர்கள் கச்சிதமாகப் பொருந்தின அல்லவா? எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அதை நம்பியது.

1866-இல் ஜோசஃப் லெமுவேல் செஸ்டர் அதை உடைத்தார். அந்த ஜான் சர் பட்டம் பெற்று இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர். அந்த லாரன்ஸ் எசெக்ஸ் மாவட்டத்துப் பர்லியில் போதகராக இருந்தவர். இருவரும் வர்ஜீனியா போகவே இல்லை.

விடை 1889-இல் மறுபடி வாட்டர்ஸ் கையிலிருந்து வந்தது. ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் ட்ரிங் என்ற ஊர். அங்கே ஆண்ட்ரூ நோலிங் என்பவர் தன் நிலத்தைத் தன் ஞானமகன் லாரன்ஸ் வாஷிங்டனுக்கு எழுதிவைத்தார். அதே உயிலில் ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா வாஷிங்டன்களும் வருகிறார்கள். ஆம்ஃபிலிஸ் வாஷிங்டன் என்ற பெண்ணை டாட்டர் இன் லா என்று குறிக்கிறார். மருமகள் என்று படித்தால் நோலிங்குக்கு வாஷிங்டன் என்ற பெயரில் மகன் இருந்திருக்க வேண்டும், இல்லை. ஆம்ஃபிலிஸ் அவர் மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த மகள். அவள் கணவன்தான் பர்லியின் போதகர் லாரன்ஸ். உயில் விடாமல் இறந்த ஆம்ஃபிலிஸின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை 1655/56 பிப்ரவரி 8 அன்று மகன் ஜானுக்குக் கிடைத்தது. திருச்சபை நீதிமன்றங்கள் மூடியிருந்த காலம், எனவே அதுவும் லண்டன் ஏட்டிலேயே பதிவானது. வர்ஜீனியாவில் ஜான் 1675-இல் எழுதிய உயிலில் மார்த்தா என்ற தங்கை வருகிறாள். ட்ரிங்கிலும் மார்த்தா, வர்ஜீனியாவிலும் மார்த்தா.

குடும்பம் சரி, தலைமுறைதான் தவறு. பெரியப்பாவையும் தகப்பனையும் பிள்ளைகள் என்று எண்ணிவிட்டார் ஹியர்டு.

அவருடையது நேர்மையான தவறு. வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹொரேஷியோ கேட்ஸ் சாமர்பி, பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய மூதாதையரைச் செருகிக் கொடுத்தார். அவரை விஞ்சியவர் குஸ்தாவ் ஆஞ்சூ. ஸ்வீடனில் பிறந்து, அங்கே கள்ளப் பத்திரக் குற்றத்துக்காகச் சிறை சென்று, பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்கா வந்து, நூற்றுக்கணக்கான கொடிவழிகளை விற்றவர். அவருடைய சாமர்த்தியம், மேற்கோள் காட்டும் உயில்களில் பெரும்பகுதி உண்மையானவை என்பதுதான். பத்து உண்மையான உயில்களுக்கு நடுவே, முடிச்சுப்போட வேண்டிய இடத்தில் மட்டும் இல்லாத ஓர் ஆவணம் வரும். அதற்கு மட்டும் ஆதாரக் குறிப்பு இருக்காது. இன்றைய இணைய மரங்களில் இவர் சரக்கு ஏராளமாகப் புழங்குகிறது. ஒரு கொடிவழியில் எல்லாத் தலைமுறைக்கும் ஆதாரம் இருந்து, கடல் தாண்டும் அந்த ஒரு தலைமுறைக்கு மட்டும் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இணைப்பைச் சோதித்தல்

சரியான பெயர், ஏறத்தாழ சரியான வயது, ஞானஸ்நானப் பதிவு மூன்றும் கிடைத்துவிட்டால் மனம் துள்ளும். அப்போதுதான் எதிர்க்கட்சி வக்கீலாக மாற வேண்டும். அதே பங்கின் அடக்க ஏட்டில் அந்தக் குழந்தை இறந்துவிட்டதா என்று பாருங்கள். குடியேறிய ஆண்டுக்குப் பிறகு அவர் இங்கிலாந்தில் திருமணம் செய்தாரா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாரா, யாருடைய உயிலிலாவது "இதே ஊரில் வசிக்கும்" என்று குறிப்பு வருகிறதா என்று பாருங்கள். தாத்தாவின் பெயரையே நான்கு பிள்ளைகளும் தங்கள் மூத்த மகனுக்கு வைத்த குடும்பங்களில், ஒரே வயதில் நான்கு ஜான்கள் இருப்பார்கள். மற்ற மூவரும் இங்கிலாந்திலேயே இறந்தார்கள் என்று காட்டினால்தான் நான்காமவரை எடுத்துக்கொள்ள முடியும்.

சில சமயம் உயில், யார் என்பதோடு ஏன் போனார் என்பதையும் சொல்லிவிடும். ஆபிரகாம் லிங்கனின் மூதாதை சாமுவேல் லிங்கன் 1637-இல் ஹிங்கமிலிருந்து போனவர். அவருடைய தாத்தா ரிச்சர்டு லிங்கன் எழுதிய உயிலில், சாமுவேலின் தகப்பன் எட்வர்டை ஒதுக்கிவிட்டுப் பிந்தைய மனைவியின் பிள்ளைகளுக்குச் சொத்தை விட்டிருந்தார். எட்வர்டின் பிள்ளைகள் நெசவுத் தொழிலுக்கும் கப்பலுக்கும் போனதில் வியப்பில்லை.

மெட்ராஸ் வந்தவர்கள்

கப்பலேறியவர்கள் எல்லோரும் மேற்கே போகவில்லை. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பூர்விகம் தேடுகிறவர்களுக்கும் இதே முறைதான், தொடங்கும் இடம் மட்டும் வேறு. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என் 2 என்ற தொகுப்பில் இருக்கின்றன. கம்பெனி ஆட்சிப் பகுதியில் இறந்தவர்களின் உயில்கள் தனித் தொகுப்பு. இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்தில் இலவசப் பெயர்ச் சுட்டி இருக்கிறது. இங்கிலாந்தில் சொத்து இருந்தால் உயில் கான்டர்பரி நீதிமன்றத்துக்கும் போயிருக்கும். இரண்டு இடத்திலும் தேடுங்கள்.

மெட்ராஸ் கவர்னராக 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், இரண்டு திசைகளும் சந்திக்கும் ஆள். பிறந்தது பாஸ்டனில், 1649-இல். குடும்பம் வேல்ஸின் ரெக்சம் பகுதியைச் சேர்ந்தது. தகப்பன் டேவிட் யேல் 1637-இல் நியூ இங்கிலாந்து போனது, தன் விதவைத் தாயை மணந்த தியோஃபிலஸ் ஈட்டனோடு. ஈட்டன் என்ற பெயரையும் சேர்த்துத் தேடாதவருக்கு அந்தப் பயணம் புரியாது. எலிஹுவின் திருமணம் 1680-இல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் நடந்தது.

உயிலே கிடைக்கவில்லை என்றால்

சொத்துள்ளவர்களில் பலரும் உயில் எழுதாமலே இறந்தார்கள். அப்போது நிர்வாக உரிமைப் பதிவைத் தேடுங்கள். கான்டர்பரிக்கு அது புரோப் 6. விவரம் ஒரு பத்தி அளவுதான், ஆனால் ஆம்ஃபிலிஸின் மகன் ஜானைக் காட்டியது அதுதான். கீழ்நிலை நீதிமன்றங்களில் வீட்டுப் பொருள் பட்டியலும் உடன் இருக்கும். அண்டா, தறி, பசு எத்தனை என்று எண்ணியிருப்பார்கள். தொழிலை உறுதிசெய்ய அது நல்ல சான்று.

டெவன் மாவட்டத்தார் என்றால் வருத்தமான செய்தி. 1942 மே மாதம் எக்ஸிட்டர் நகர்மேல் விழுந்த ஜெர்மன் குண்டுகளில் அங்கிருந்த உயில்கள் எரிந்துபோயின. அங்கே வைக்கப்பட்டிருந்த சாமர்செட் உயில்களும் போயின. அதற்கு முன் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துவைத்த சுருக்கங்களை நாட வேண்டும். லண்டனில் மெய்ப்பிக்கப்பட்ட டெவன் உயில்கள் கியூவில் பத்திரமாக இருக்கின்றன. மேற்கு மாவட்டத்தாரைத் தேடுகிறவர்கள் தாய்வழி, மனைவிவழி, பக்கத்து வீட்டார் என்று வலையை அகலமாக விரித்து, கியூவின் 1653 முதல் 1660 வரையிலான ஏடுகளில் தொடங்கட்டும்.